பத்தர் பட்டறையா, டிசைன் கல்லூரியா, ஜெர்மனியா? கையால் நகை செய்ய வருகிறவருக்கு

போன மாதம் அக்கா மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். பி.காம். முடித்து, ஒரு வருடம் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். 23 வயது. “சித்தி, எனக்கு நகை செய்யணும். கடை வைக்கறதுக்கு இல்ல, கையால செய்யறதுக்கு. எங்க போய்ச் சேரட்டும்னு நீங்கதான் சொல்லணும்” என்றாள். நோட்டில் நான்கு வழிகளை எழுதி வைத்திருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு பத்தரிடம் உட்கார்வது, டிசைன் கல்லூரியில் சேர்வது, வீட்டிலேயே மேசை போட்டுத் தானாகப் பழகுவது, ஜெர்மனிக்குப் போவது.

நான் டிசைன் கல்லூரியில் நான்கு வருடம் படித்துவிட்டு, 29 வயதில் பட்டறைக்குப் போய் உட்கார்ந்தவள். இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். ஒரு மாலை முழுக்க அவளிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அவள் செய்ய விரும்புவது எந்த நகை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நம் ஊரில் நகை என்றால் முதல் கேள்வி “எத்தனை பவுன்?” என்பதுதான். எடை, அன்றைய விலை, செய்கூலி, சேதாரம் நான்கையும் கூட்டினால் கணக்கு முடிந்தது. அவள் போனில் காட்டிய படங்கள் இந்தக் கணக்குக்குள் வராதவை. காகிதத்தில் செய்த ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் அணி), மரத்தூளில் வார்த்த மோதிரம், பழைய இரும்புத் தகட்டில் ஒரு கழுத்தணி. இதைத்தான் சமகால நகை என்கிறார்கள். பொருளின் விலையைவிட, செய்தவருடைய யோசனைக்கும் கைக்கும் அதில் மதிப்பு அதிகம். உடம்பில் அணியக்கூடிய சிற்பம் என்றும் சொல்லலாம்.

இந்த வகைக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. ஓட்டோ கூன்ட்ஸ்லி என்ற சுவிஸ் கலைஞர் 1980இல் ஒரு வளையல் செய்தார். பார்த்தால் வெறும் கறுப்பு ரப்பர் வளையம். ஓரிடத்தில் மட்டும் எலியை விழுங்கிய பாம்பு போலச் சற்று புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குள் ஒரு தங்கக் குண்டு இருக்கிறது. ரப்பரை அறுத்தால் ஒழிய அதைப் பார்க்க முடியாது. “தங்கம் கண்ணை மறைக்கும்” என்பது அதன் பெயர். போட்டிருப்பவர் உள்ளே தங்கம் இருக்கிறது என்று நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் அக்கா மகள், “கண்ணகி சிலம்பு மாதிரி” என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆமாம், அதேதான். மாணிக்கமா முத்தா என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. உடைத்த பிறகுதான் தெரிந்தது, அதற்குள் ஓர் உயிர் போயிருந்தது. நகைக்குள் ஒளிந்திருப்பதை யார் நம்புவது என்ற கேள்வி நமக்குப் புதிதில்லை. டச்சுக் கலைஞர் கைஸ் பாக்கர் 1973இல் கையில் ஒரு தங்கக் கம்பியை இறுக்கிக் கட்டி, கழற்றியபின் தோலில் விழுந்த தடத்தையே நகை என்றார். நம் அம்மாக்களின் கால்விரலில் மெட்டி பதித்த பள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அது உடனே புரியும். இந்தக் கலைக்கு வேண்டிய நினைவுகள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. அவற்றைச் செய்துகாட்டக் கை வேண்டும், அதை எங்கே பழகுவது என்பதுதான் கேள்வி.

சரி, பட்டறையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கோயம்புத்தூரில் ராஜ வீதி, வைசியாள் வீதிப் பக்கமும், செல்வபுரம், தெலுங்குபாளையம் பக்கமும் சந்துக்குச் சந்து பட்டறைகள் இருக்கின்றன. தங்கத்தில் வேண்டாம், வெள்ளியில் பழக வேண்டும் என்றால் சேலம் நல்ல இடம். அங்கே கொலுசுப் பட்டறைகள் ஏராளம். கல் பதிப்பது பிடித்தவர்களுக்கு நாகர்கோவில் வடசேரி இருக்கிறது. கோயில் நகைகளுக்குப் பேர்போன ஊர், புவிசார் குறியீடும் பெற்றது.

பட்டறையில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், நான் ஒரே ஒரு பற்றவைப்பைச் சொல்கிறேன். வெள்ளிக் கம்பியை வளைத்து மோதிரமாக்கி, இரண்டு முனையையும் சேர்க்க வேண்டும். முனைகளை அரத்தால் ராவி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு கீற்று வெளிச்சம் வந்தாலும் பற்றாது. வெங்காரத்தை, அதாவது போராக்ஸை, கல்லில் நீர் விட்டு உரைத்து, அந்தப் பாலைத் தூரிகையால் இணைப்பில் தடவ வேண்டும். அதன்மேல் எள்ளைவிடச் சின்னதாக வெட்டிய பொடி. பற்றவைக்கும் உலோகத்தைப் பட்டறையில் பொடி என்றுதான் சொல்வார்கள். “பொடி வைத்துப் பேசுகிறான்” என்ற பேச்சே இங்கிருந்து வந்தது என்பார் என் பத்தர். பிறகு நெருப்பு. வெங்காரம் முதலில் பொரிபோல வெள்ளையாகப் பொங்கும், பொடி சில சமயம் அதோடு எழும்பி நகர்ந்துவிடும், சாமணம் என்ற சின்ன இடுக்கியால் தள்ளி மறுபடி இடத்தில் வைக்க வேண்டும். அப்புறம் வெங்காரம் அடங்கிக் கண்ணாடிபோல ஆகும். வெள்ளி மங்கலாகச் சிவக்கும். அந்தக் கணத்தில் பொடி உருகி, இணைப்பு நெடுக ஒரு மின்னல்கோடுபோல ஓடும். ஒரு நொடி முன்னால் நெருப்பை எடுத்தால் பற்றாது. இரண்டு நொடி தாமதித்தால் மோதிரமே உருண்டையாகச் சுருண்டுவிடும்.

முதல் வாரத்தில் ஐந்து மோதிரங்களை உருக்கிவிட்டேன். நான் நெருப்பை இணைப்பின் மேலேயே காட்டிக்கொண்டிருந்தேன். பத்தர் பக்கத்தில் வந்து, “நெருப்பப் பாக்காத கண்ணு, வெள்ளியப் பாரு. மோதிரம் பூராவும் ஒண்ணாச் சூடாகோணும்” என்றார். உலோகங்களில் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளிதான். ஓரிடத்தில் சூடு காட்டினால் அது மறுபக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். பொடியோ சூடு அதிகமான பக்கம்தான் ஓடும். இதைக் கல்லூரியில் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தார்கள். எழுதிக்கொண்டும் இருந்தேன். கைக்கு அது போய்ச் சேர ஆறாவது மோதிரம் ஆயிற்று.

பட்டறையின் பெரிய பலம் அதுதான். ஒரே வேலையை நூறு முறை செய்ய இடம் இருக்கும், தப்புச் செய்யும் அந்த நொடியிலேயே பார்த்துச் சொல்ல ஆள் இருக்கும். பெரும்பாலும் காசும் கேட்க மாட்டார்கள், அல்லது கொஞ்சமாகக் கேட்பார்கள்.

ஆனால் உள்ளே நுழைவது சுலபமில்லை. தங்க வேலை நடக்கும் இடத்தில் ராவும்போது விழும் தூள்கூடக் கணக்கு. தரையைக் கூட்டிய குப்பையையே அரித்துத் தங்கம் எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் முன்பின் தெரியாத ஒருவரை உட்கார வைக்க எந்தப் பத்தரும் யோசிப்பார், அது நியாயமும்கூட. பெண் என்றால் இன்னொரு தயக்கம் சேரும். தெரிந்தவர் மூலம் போங்கள், “வெள்ளியும் செம்பும் நானே வாங்கி வர்றேன், தங்கத்தத் தொட மாட்டேன்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எனக்குக் கதவு திறந்தது அந்த ஒரு வார்த்தையால்தான்.

இன்னொரு குறை, பட்டறைகள் வேலையைப் பிரித்துக்கொண்டவை. ஒருவர் கம்பி வேலை, ஒருவர் கல் பதிப்பு, ஒருவர் மெருகு. ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்காது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமானது, “இத ஏன் செய்யறே?” என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். டிசைன் என்றால் புத்தகத்தில் உள்ளதைப் பார்த்துச் செய்வது. நான் உடைந்த ஓட்டுத் துண்டை வெள்ளியில் பதித்தபோது பத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பதிச்சது சுத்தமா இருக்குது” என்று மட்டும் சொன்னார். அது எனக்குப் பெரிய பாராட்டு. ஆனால் ஓட்டுத் துண்டு ஏன் என்று பேச எனக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அந்த ஆட்கள் கிடைக்கும் இடம் கல்லூரி. சென்னை தரமணியில் நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்லூரி இருக்கிறது, அங்கே அக்சசரி டிசைன், அதாவது நகை, பை போன்றவற்றின் வடிவமைப்பு, நான்கு ஆண்டுப் படிப்பு. ஜெய்ப்பூரில் ஐ.ஐ.சி.டி. என்ற கைவினை, வடிவமைப்புக் கல்லூரி. பட்டம் முடித்தவர்களுக்கு என்.ஐ.டி. என்ற தேசிய வடிவமைப்புக் கல்லூரியின் காந்திநகர் வளாகத்தில் லைஃப்ஸ்டைல் அக்சசரி டிசைன் முதுகலை. எல்லாவற்றுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. நிஃப்ட்டில் எழுத்துத் தேர்வுக்கு மேல், கொடுத்த பொருளை வைத்து அங்கேயே ஏதாவது செய்துகாட்டச் சொல்லும் தேர்வும் உண்டு. பட்டறையில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு அது கைகொடுக்கும்.

கல்லூரியின் பயன் உண்மையானது. வரையக் கற்றுக்கொள்கிறோம். ஒரு யோசனையைப் பத்து விதமாகத் திருப்பிப் பார்க்கப் பழகுகிறோம். கூடப் படிக்கிறவர்கள் மேசையைச் சுற்றி நின்று நம் வேலையைப் பிய்த்துப் போடும்போது வலிக்கும், ஆனால் கண் திறக்கும். ஜெய்ப்பூரில் ஊரே ஒரு பாடம். ஜோஹரி பஜாரில் நடந்தாலே கல் அறுப்பவர், மீனாகாரி என்ற வண்ணப்பூச்சு செய்பவர், குந்தன் முறையில் கல் பதிப்பவர் என்று எல்லோரையும் பார்த்துவிடலாம். நான்கு வருடக் கட்டணமும் விடுதியும் சேர்ந்தால் பல லட்சம் ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் வருத்தம் ஒன்று. நான் படித்த இடத்தில், பெயர் வேண்டாம், முதல் வருடத்தில் ஒரு பருவம் மட்டும்தான் உலோக வேலை. அப்புறம் எல்லாம் கம்ப்யூட்டரில் வரைவது, செய்வதற்கு வெளியே ஒரு காரிகரிடம், அதாவது கைவினைஞரிடம், கொடுப்பது. என் பட்டமளிப்புக் கண்காட்சியில் வைத்த ஆறு நகைகளில் ஒன்றைக்கூட நான் முழுசாகச் செய்யவில்லை. யாராவது “இந்தக் கீல எப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அந்தக் கூச்சம்தான் 29 வயதில் என்னைப் பட்டறைக்கு அனுப்பியது.

அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் விளம்பரத் தாளை மூடிவிட்டு உலோகப் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மாணவர்களுக்கு எத்தனை மேசை? சாயங்காலம் ஆறு மணிக்குமேல் சாவி கிடைக்குமா? மேசையில் தீய்ந்த தழும்பு இருக்கிறதா, புதுசுபோல இருக்கிறதா? தழும்பு இல்லாத மேசை யாரும் உட்காராத மேசை.

மும்பையிலும் ஜெய்ப்பூரிலும் உள்ள ஐ.ஐ.ஜி.ஜே. போன்ற தொழில் பயிற்சி நிறுவனங்களைப் பற்றியும் அவள் கேள்விப்பட்டிருந்தாள். நகை ஏற்றுமதிக் கவுன்சில் தொடங்கியவை. கம்ப்யூட்டர் வடிவமைப்பு, மெழுகு வார்ப்பு, கல் தரம் பார்ப்பது எல்லாம் ஒழுங்காகச் சொல்லித்தருகிறார்கள், வேலையும் கிடைக்கும். பெரிய நகைக் கம்பெனியில் சேர நினைப்பவர்களுக்கு அது நேரான வழி. அவளுக்கு அது வேண்டியதில்லை. மெழுகு வார்ப்பை மட்டும் ஒரு குறுகிய படிப்பில் பின்னால் கற்றுக்கொள்ளலாம்.

வீட்டில் தானாகப் பழகுவதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வேலையை விட முடியாதவர்களுக்கு, சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு, அதுதான் நடக்கக்கூடிய வழி. கனமான மேசை, அறுக்க ஒரு சட்டமும் மெல்லிய பிளேடுகளும், நான்கைந்து அரம், குறடுகள், சாமணம், சின்ன கேஸ் டார்ச், தீச்செங்கல். இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம். வெள்ளி விற்கும் விலைக்கு அதில் பழக வேண்டாம், செம்பிலும் பித்தளையிலும் பழகுங்கள். செம்பு நல்ல வாத்தியார், அதில் சுத்தமாகப் பற்றவைக்க வந்துவிட்டால் வெள்ளி பயமுறுத்தாது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேடிஎம் நகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்த நகை. காட்மியம் நன்றாக ஓடும், இணைப்பே தெரியாது, அதனால்தான் அது அவ்வளவு பரவியது. அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். அணிபவருக்கு அல்ல, ஊதிப் பற்றவைப்பவருக்கு. கடையில் பொடி வாங்கும்போது காட்மியம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். பழைய பட்டறையில் உட்கார்ந்தாலும் இதைத் தயங்காமல் கேளுங்கள். ஜன்னல் இல்லாத அறையில், சமையலறையில், ஏ.சி. போட்ட படுக்கையறையில் பற்றவைக்கவே கூடாது. உலோகத்தைச் சுத்தம் செய்ய வீரியமான அமிலம் வீட்டில் வேண்டாம், சூடான படிகாரத் தண்ணீரோ சிட்ரிக் அமிலமோ போதும்.

தனியாகப் பழகுவதில் இன்னொரு தொல்லை, தப்பு பழகிவிடும். வீடியோவில் கையைப் பார்க்கலாம், ஆனால் வீடியோ நம் கையைப் பார்க்காது. அறுக்கும்போது சட்டத்தைச் சாய்த்துப் பிடிக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அதனால் பிளேடு உடைந்துகொண்டே இருந்தது, நான் பிளேடுதான் மட்டம் என்று நினைத்தேன். பத்தர் என் முழங்கையை இரண்டு அங்குலம் கீழே இறக்கிவிட்டார், அன்றோடு சரியாயிற்று. வீட்டில் பழகுகிறவர்கள் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையாவது செய்ததை எடுத்துக்கொண்டு தெரிந்த ஒருவரிடம் போக வேண்டும்.

கடைசியாக ஜெர்மனி. அவள் கண் மின்னியது இங்கேதான், புரிகிறது. மியூனிக்கில் 1959இலிருந்து நடந்துவரும் ஷ்முக் என்ற நகைக் கண்காட்சிக்கு உலகம் முழுவதிலுமிருந்து நகைக் கலைஞர்கள் வருகிறார்கள். அங்குள்ள கலைக் கழகத்தில் 1972இலிருந்து ஹெர்மன் யுங்கர் சொல்லிக்கொடுத்தார், அவருக்குப் பின் 1991இலிருந்து நான் மேலே சொன்ன கூன்ட்ஸ்லி. இன்று இந்தத் துறையில் பேசப்படும் பலர் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள். இடார் ஓபர்ஸ்டைன் என்ற சிறிய ஊரில், பல நூற்றாண்டாக அகேட் கல் அறுக்கும் ஊர் அது, கல்லுக்கும் நகைக்குமான படிப்பு ஆங்கிலத்திலேயே இருக்கிறது. கல்லைப் பிடித்தவர்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

செலவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஜெர்மனியின் அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் நகைக்குப் பேர்போன ஃபோர்ட்ஸ்ஹைம் இருக்கும் பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ. கட்டணம் இல்லாவிட்டாலும் விசாவுக்கு ஒரு வருடச் செலவை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். 2024இல் அது 11,904 யூரோவாக உயர்ந்தது, பத்து லட்சம் ரூபாய்க்கு மேல்.

பணத்தைவிடப் பெரிய தடை போர்ட்ஃபோலியோ, அதாவது நாம் செய்தவற்றின் தொகுப்பு. அங்கே மதிப்பெண் பட்டியலைப் பார்த்து எடுப்பதில்லை. நீங்கள் செய்தவற்றைப் பார்த்து, “இவர் எதைத் தேடுகிறார்?” என்று பார்க்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது. செய்தவற்றை எங்கே செய்வது? மறுபடி பட்டறைக்குத்தான் வந்து நிற்கிறோம்.

பிழைப்பைப் பற்றியும் பேசினோம், அக்கா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆறு கிராம் வெள்ளியில் மூன்று நாள் உழைத்து ஒரு ப்ரூச் செய்தால், அதை வெள்ளி விலையில் யாரிடமும் விற்க முடியாது, விற்கவும் கூடாது. மூன்று நாள் கூலி, பட்டறை வாடகை, கெட்டுப்போன இரண்டு முயற்சி எல்லாம் அந்த விலைக்குள் வர வேண்டும். அதைக் கொடுக்கிறவர்கள் நம் ஊரில் இன்னும் குறைவு. முதல் மூன்று நான்கு வருடம் பழைய நகை சரிசெய்வது, சொல்லிச் செய்யும் மோதிரம், வார இறுதி வகுப்பு என்று ஏதாவது ஒன்று சோறு போட வேண்டும். அந்த மூன்றையும் செய்யக் கை தெரிந்தவரால்தான் முடியும், வரைய மட்டும் தெரிந்தவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். தங்கத்தைத் தொட ஆரம்பித்தால் ஹால்மார்க் விதிகளும் சேர்ந்து வரும். 2021இலிருந்து அது கட்டாயம். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கும், வருட விற்பனை 40 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கும் விலக்கு இருக்கிறது. ஆரம்பிக்கிறவருக்கு வெள்ளியே நிம்மதி.

அப்போ எதை எடுப்பது? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை கேட்டிருந்தால், உலோகப் பட்டறை நன்றாக உள்ள கல்லூரியில் சேர், விடுமுறை முழுக்க ஒரு பத்தரிடம் இரு என்று சொல்லியிருப்பேன். அந்த வயதில் நான்கு வருடம் கூட்டாளிகளோடு இருப்பதற்கு ஈடு கிடையாது. ஏற்கெனவே ஓவியமோ கட்டடக் கலையோ படித்தவர் கேட்டிருந்தால், கண் பழகிவிட்டது, இன்னொரு பட்டம் வேண்டாம், நேராகப் பட்டறைக்குப் போ என்பேன். பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை கேட்டால் சொல்வதே வேறு. கை வீட்டிலேயே இருக்கிறது, கடன் வாங்கியாவது வெளியே போய்ப் பார்த்துவிட்டு வா, இடார் ஓபர்ஸ்டைனுக்கு உன்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்பேன்.

அக்கா மகளுக்குக் கையும் பழகவில்லை, கண்ணும் பழகவில்லை, ஆனால் 23 வயதும் ஒரு வருடச் சேமிப்பும் இருக்கின்றன. அவளுக்கு நான் சொன்னது இது. ஒரு வருடம் என் பத்தரிடம், செம்பிலும் வெள்ளியிலும். வாரத்தில் ஐந்து நாள் அங்கே, சனிக்கிழமை என்னிடம். செய்த ஒவ்வொன்றையும் படம் எடுத்து, ஏன் செய்தாய் என்று நான்கு வரி எழுதிவைக்க வேண்டும். வருடம் முடியும்போது அந்த நோட்டையும் நகைகளையும் மேசையில் பரப்பி, காந்திநகரா ஜெர்மனியா என்று உட்கார்ந்து பேசுவோம். ஒருவேளை அதற்குள் அவளுக்குக் கல்லூரி வேண்டாம் என்றே தோன்றலாம், அதுவும் சரிதான்.

நேற்று ராத்திரி முதல் மோதிரத்தின் படத்தை அனுப்பியிருந்தாள். செம்புக் கம்பி. பெரிதாக்கிப் பார்த்தேன். இணைப்பில் முடிபோல ஒரு கறுப்புக் கோடு, பொடி பாதிதான் ஓடியிருக்கிறது. முனைகளுக்கு நடுவே வெளிச்சம் வந்திருக்கும், பார்க்காமல் வைத்துவிட்டாள். அந்த இடத்திலேயே அறுத்து, மறுபடி ராவி, விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு வை என்று பதில் எழுதினேன்.